காந்தியடிகளின் கணக்குப் புத்தகம்

பெரியார்களை ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். அவர்களின் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். மேடையிலே அவர்தம் அருஞ் செயல்களை எடுத்துப் பேசுகின்றோம். பின்னர், அவையெல்லாம் நம்மால் ஆகக்கூடியன அல்ல என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகின்றோம். மகாத்மா காந்தியடிகள் விடயத்திலும் நாம் செய்துவருவது இதுவேயாகும். உப்பெடுக்கக் கடற்கரைக்கு நடந்ததும், நாட்கணக்கில் உண்ணாநோன்பு இருந்ததும், பேரரசு ஒன்றை வெறுங்கையுடன் எதிர்த்து நின்றதும் நமக்கு எட்டாத உயரத்திலே நிற்கின்றன.

ஆனால், அப்பெரியாரின் வாழ்விலே நமக்கு எட்டுகின்ற செயல் ஒன்றும் உண்டு. வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருப்பவரும், கொட்டாஞ்சேனையிலே ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வரும் வாலிபரும் இன்றிரவே அதைத் தொடங்கிவிடலாம். அன்றன்று செலவான காசை அன்றன்றே எழுதி, கையிலுள்ள மிச்சத்தை எண்ணிச் சரிபார்த்துவிட்டு உறங்கச் செல்வதே அச்செயல். அடிகள் இதனைத் தமது பத்தொன்பதாவது வயதளவிலே தொடங்கினார். அவரை உலகம் அறிவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, மகாத்மா என்ற பட்டம் கனவிலும் இல்லாத காலத்திலே, அந்நிய நாட்டில் படித்துக்கொண்டிருந்த கூச்சமுள்ள மாணவராக இருந்தபோதே தொடங்கினார். ஆகவே, அவருடைய அரசியலை இங்கு ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தச் சிறு பழக்கம் வழிகாட்டிய அவரது வாழ்வையே நாம் நோக்குவோம்.

தமையனார் தேடிய பணம்

மோகனதாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் திகதி, குஜராத்திலுள்ள போர்பந்தரிலே பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி சிற்றரசுகளிலே திவானாகப் பணிபுரிந்தவர். திவான் உத்தியோகம் என்றதும் பெருஞ் செல்வம் என்றே நாம் நினைப்போம். அவரோ பொருள் சேர்ப்பதிலே நாட்டமில்லாதவர். 1885ஆம் ஆண்டில் அவர் காலமானபோது பிள்ளைகளுக்கென்று விட்டுச்சென்ற சொத்து மிகச் சிறிதேயாகும்.

குடும்பத்தின் மதிப்பை நிலைநிறுத்த வேண்டுமானால் இளைய மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்க வேண்டும் என்று குடும்ப நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். நாலாயிரம், ஐயாயிரம் ரூபா வரை செலவாகும் என்று அவர் கணக்கிட்டார். அக்காலத்திலே அது சாதாரணத் தொகையன்று. அரச உதவிக்காக விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. மனைவி கஸ்தூரிபாயின் நகைகளை விற்பதென்றுகூட மோகனதாசர் எண்ணினார். இறுதியிலே மூத்த தமையனார் லக்ஷ்மிதாசர், பணத்தை எப்படியேனும் தாம் தேடித் தருவதாகப் பொறுப்பேற்றார். மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லையெனத் தாயார் புத்லிபாயிடம் சத்தியஞ் செய்து கொடுத்துவிட்டு, கடல் கடக்கக் கூடாதென்று சாதித் தலைவர்கள் விதித்த தடையையும் மீறி, 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் திகதி பம்பாயிலிருந்து அவர் கப்பலேறினார்.

இங்கு நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். மோகனதாசர் இலண்டனிலே செலவிட்ட ஒவ்வொரு காசும் அவர் உழைத்துத் தேடியதன்று; ஊரிலே தமையனார் பாடுபட்டுத் தேடி அனுப்பியது. நம்முடைய காலத்திலும் கொழும்பிலே எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் நிலைமை இதுதானே? வாடகையும் பள்ளிக்கூடப் பணமும் கனடாவிலிருந்தோ, இலண்டனிலிருந்தோ, மத்திய கிழக்கிலிருந்தோ வருகின்றன. அங்கே ஓர் அண்ணரோ, அக்காவோ, தகப்பனாரோ இரவு வேலை செய்து, பனியிலே நடந்து, தமக்கு வேண்டியதைக் குறைத்து அனுப்புகின்ற பணம் அது. வங்கியிலே வந்து விழும்போது அதிலே வியர்வையின் அடையாளம் தெரிவதில்லை. அனுப்பியவர் கப்பலுக்கு அப்பால் இருந்தார் அன்று. இன்று பெறுபவர் கப்பலுக்கு இப்பால் இருக்கின்றார். அவ்வளவே வேறுபாடு.

மூன்று மாத மயக்கம்

இலண்டனிலே இறங்கிய மோகனதாசர் முதலில் விக்டோரியா ஹோட்டலிலே தங்கினார். சொற்ப நாட்களுக்கு மூன்று பவுண் கட்டணம் என்று கேட்டதும் திகைத்துப் போனார். பெரும்பாலும் பட்டினியாகவே அங்கு கிடந்தவர் அவர். இந்த முதல் அதிர்ச்சி அவரைச் சிக்கனக்காரராக்கியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ வேறு.

மரக்கறி உணவுக்காரராக இருப்பதனால் நாகரிகமற்றவர் என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணத்திலே, ஆங்கிலக் கனவானாக மாறிக் காட்டுவதென்று அவர் தீர்மானித்தார். பம்பாயிலே தைத்த உடைகள் போதாவென்று கருதி, பொண்ட் வீதியிலே பத்துப் பவுண் கொடுத்து மாலைநேர உடை தைப்பித்தார். 19 ஷில்லிங் விலைக்கு உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். இரட்டைத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று தமையனாருக்கு எழுத, அந்த நல்ல மனிதர் அதையும் வாங்கி அனுப்பினார். நடனம் பழக ஒரு தவணைக்கு மூன்று பவுண் கட்டினார். தாளத்துக்குக் காலெடுத்து வைக்க இயலாதபோது, மேல்நாட்டுச் சங்கீதத்தைப் பழகினால் காது பண்படும் என்றெண்ணி மூன்று பவுணுக்கு வயலின் வாங்கினார். பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரையும் தேடிப் பிடித்தார். கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்வதிலும் தலைவாருவதிலும் நாள்தோறும் நேரத்தைப் போக்கினார்.

இம்மயக்கம் சுமார் மூன்று மாதம் நீடித்தது. பின்னர் ஒருநாள் அவர் விழித்துக்கொண்டார். தாம் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலே இருக்கப் போவதில்லை, தாம் வந்தது படிப்பதற்காகவே என்ற எளிய உண்மை அவருக்குப் புலனாயிற்று. பேச்சுக்கலை ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் கடிதம் எழுதி விலகினார். வயலினை வந்த விலைக்கு விற்றுத் தருமாறு சங்கீத ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார்.

இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காந்தியடிகள் பிறவியிலேயே ஆசையற்றவராகப் பிறந்தவரல்லர். பிறருடைய கண்ணுக்கு நல்லவராகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பணத்தை வாரியிறைத்த வாலிபராகவே அவரும் இருந்தார். அன்று பொண்ட் வீதி உடை. இன்று தவணைப் பணத்திலே வாங்கும் விலையுயர்ந்த கைத்தொலைபேசி. பொருள் மாறியதேயன்றி, அதன் பின்னாலுள்ள கூச்சம் மாறவில்லை.

இரவிலே எழுதிய கணக்கு

அந்த மயக்கத்தின் நடுவிலும் அவர் செய்துவந்த வேலை யாது? அது பெரிய சபதம் எதுவுமன்று. ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தார். வண்டிக் கூலி, தபாற் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டொரு செப்புக்காசு எல்லாவற்றையும் அதிலே பதிந்தார். ஒவ்வோர் இரவும் படுக்கைக்குப் போகுமுன் வரவு செலவைக் கூட்டி, மிச்சத்தைக் கையிலுள்ள காசுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். இப்பழக்கம் அவரைப் பிற்காலத்திலும் விட்டு நீங்கவில்லை.

கணக்கு எழுதுவது வேறு, சிக்கனமாக வாழ்வது வேறு என்று சிலர் எண்ணுவதுண்டு. அடிகளின் கதையிலே முதலாவது இரண்டாவதைப் பெற்றெடுத்தது. எழுதிய கணக்கைக் கூர்ந்து பார்த்தபோது தமது பணம் எங்கே கசிகின்றது என்பதை அவர் கண்டார். அவர் ஓர் ஆங்கிலக் குடும்பத்தாருடன் தங்கியிருந்தார். உணவுக்கும் இருப்பிடத்துக்குமாக வாராவாரம் நிலையான தொகை கொடுக்க வேண்டும். வெளியே சாப்பிட்ட நாளுக்கும் அத்தொகை குறையாது. மரியாதைக்காக வீட்டாரை இடையிடையே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், அதற்கும் செலவு. படிக்குமிடம் தூரம், போக்குவரத்துக்குத் தினமும் காசு. இவற்றைக் கண்டதும், செலவைப் பாதியாகக் குறைப்பதென்று அவர் முடிவு செய்தார்.

பத்திரிகையை நிறுத்தி இரண்டு காசு மீதப்படுத்துவதில் அவர் தொடங்கவில்லை. வீட்டையே மாற்றினார். படிக்குமிடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகக்கூடிய தூரத்திலே தனியாக அறையெடுத்தார். அதனால் வண்டிக் கூலி ஒழிந்தது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடக்க நேர்ந்தது. நோயின்றி உடல் உரம்பெற்றதற்கு அந்த நடையே காரணம் என்று அவர் நம்பினார். நிலையான பெருஞ் செலவு எதுவோ அதிலே முதலிற் கை வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். தேநீருக்குச் சீனியைக் குறைத்துவிட்டு, தாங்கமுடியாத வாடகையையும் கடன் வட்டியையும் அப்படியே விட்டுவைப்பவர் ஆண்டு முடிவிலே எதையும் மீதங் காணமாட்டார்.

சிறிது காலத்தின் பின் அவர் இன்னும் ஒரு படி சென்றார். தம்மைவிடக் குறைந்த செலவில் வாழ்ந்த ஏழை மாணவர் ஒருவரை அறிந்திருந்தார். எளிய வாழ்வு பற்றிய நூல்களும் கண்ணிற்பட்டன. தமது குடும்பத்தின் நிலைக்கு இந்த வாழ்வும் அதிகமே என்று உணர்ந்தார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். சிறு அடுப்பொன்று வாங்கி, காலையிலே ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக் கொண்டார். அதற்கு இருபது நிமிடமும் செல்லவில்லை. மதிய உணவை வெளியே உண்டு, இரவிலே அறையில் பாணும் கோகோவும் கொண்டார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் போதியதாயிற்று.

இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் என்றால் 15 பென்ஸ். பத்துப் பவுண் என்றால் 2,400 பென்ஸ். ஆகவே அந்த ஒரு மாலைநேர உடையின் விலை, 160 நாளைய சாப்பாட்டுக்குப் போதுமானது. வயலின் விலை 48 நாளைய சாப்பாடு. தொப்பி ஒன்று பதினைந்து நாளைய சாப்பாடு. ஒரு பொருளின் விலையைக் காசாற் பார்த்தால் அதன் கனம் விளங்குவதில்லை. இத்தனை நாளைய உணவு, இத்தனை நாளைய உழைப்பு என்று பார்த்தால் உடனே விளங்கிவிடுகின்றது. நம்முடைய பிள்ளைகளுக்கும் இக்கணக்கையே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இவ்வெளிய வாழ்வு தம்மைச் சோர்வடையச் செய்யவில்லை என்றும், உள்ளும் புறமும் ஒத்துப்போனதால் மனத்துக்கு நிறைவே தந்ததென்றும் அடிகள் தமது சுயசரிதையிலே குறித்திருக்கின்றார். இக்காலத்திலேயே இலண்டன் மெற்றிக்குலேசன் பரீட்சையில் முதன்முறை தவறியும், விடாது படித்து 1890ஆம் ஆண்டிலே சித்தியடைந்தார். 1891ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் திகதி பாரிஸ்டராகி, இரண்டு நாளில் கப்பலேறினார்.

ஊர்ப் பணத்துக்கும் அதே கணக்கு

1893ஆம் ஆண்டிலே, தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்கொன்றுக்காக அவர் தென்னாபிரிக்கா சென்றார். அடுத்த ஆண்டிலே அங்குள்ள இந்தியரின் உரிமைக்காக நேற்றால் இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. சங்கம் அமைத்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். கூட்டத்துக்கு வருவார்கள்; கைதட்டுவார்கள்; சந்தாப் பணம் என்றதும் நாளை என்பார்கள். அடிகளுக்கும் அதுவே நேர்ந்தது. ஆறு பவுண் தரவேண்டிய ஒரு வசதியாளர் மூன்று பவுணுக்கு மேல் தர மறுத்தபோது, அடிகளும் நண்பர்களும் அவர் வீட்டிலே பசியோடு இரவு முழுதும் காத்திருந்து, விடியற்காலையில் ஆறு பவுணையும் பெற்றுக்கொண்டு, அதன் பின்னரே உணவருந்தினார்கள்.

பெற்ற பணத்துக்கெல்லாம், தொகை எவ்வளவு சிறிதாயினும், பற்றுச்சீட்டு எழுதப்பட்டது. செலவெல்லாம் பதியப்பட்டது. கையிலே பணம் வருமுன் செலவு செய்வதில்லை, சங்கத்தின் பேரிலே கடன்படுவதில்லை என்பது அவர் வகுத்த விதி. பிற்காலத்திலே இலட்சக்கணக்கான பொதுப் பணம் அவர் கைவழியே சென்றபோதும் கடன் மிஞ்சவில்லை, மிச்சமே இருந்தது என்றால், இலண்டன் அறையிலே எழுதிய வண்டிக்கூலிக் கணக்கே அதற்கு அடித்தளம். தன் வீட்டுக் கணக்கை எழுதாதவர் மன்றத்தின் தனாதிகாரியாக வந்தால் என்ன ஆகும் என்பதை மூத்த அங்கத்தவர்கள் நன்கு அறிவார்கள்.

கஞ்சி வடிந்த கழுத்துப்பட்டி

டர்பனிலே குடும்பத்தோடு வாழ்ந்தபோது, பாரிஸ்டர் ஒருவருக்குரிய தோற்றத்துடன் வீடு நடந்தது. சலவைச் செலவோ பெரிது. சலவைக்காரர் குறித்த நாளிலே உடை கொண்டுவருவதில்லை. ஆதலின் டசின் கணக்கிலே சட்டைகளும் கழுத்துப்பட்டிகளும் வாங்கிவைக்க வேண்டியிருந்தது. அடிகள் சலவைக் கலையைப் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கிப் படித்தார். தாமும் பழகி, மனைவியாருக்கும் பழக்கினார். முதல்முதல் தாமே கஞ்சி போட்டு அழுத்திய கழுத்துப்பட்டியுடன் நீதிமன்றம் சென்றபோது, கஞ்சி மிஞ்சிப்போய் உதிர்ந்துகொண்டிருந்தது. சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். அவரும் அவர்களுடன் சேர்ந்து சிரித்தார். சலவையை மட்டும் விடவில்லை. பின்னாளிலே சலவைக்காரருக்கு நிகராகத் தேறினார்.

பிரிட்டோரியாவிலே வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் நிறத்தின் காரணமாக அவருக்கு முடிவெட்ட மறுத்தபோது, கத்தரிக் கருவியொன்றை வாங்கிக் கண்ணாடியின் முன் தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் அலங்கோலமாயிற்று. அன்றும் நண்பர்கள் சிரித்தார்கள். பிறர் சிரிப்புக்கு அஞ்சிப் பத்துப் பவுண் உடை தைப்பித்த அதே மனிதர், பிறர் சிரிக்கவே நீதிமன்றத்திலே நிமிர்ந்து நின்றார் என்பதை எண்ணிப் பார்த்தால், சிக்கனம் ஒருவருக்கு எவ்வளவு விடுதலையைத் தருகின்றது என்பது தெளிவாகும்.

சிக்கனம் உலோபத்தனமாகிவிடுமோ என்று ஐயுறுபவர்க்கும் ஒன்று கூறவேண்டும். 1903ஆம் ஆண்டிலே தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை நட்டத்தில் ஓடியபோது, ஒரு கட்டத்திலே மாதம் 75 பவுண் வரை தமது சொந்தப் பணத்திலிருந்து அதற்குக் கொடுத்து வந்தார் அடிகள். கழுத்துப்பட்டிக்கு மறுத்த பணம் இவ்வழியே சென்றது. உலோபி பூட்டி வைப்பதற்காகச் சேர்க்கின்றான். சிக்கனக்காரர் தக்க இடத்திலே தாராளமாகக் கொடுக்கும் பொருட்டுச் சேர்க்கின்றார்.

கஸ்தூரிபாய் அம்மையாரின் வழக்கு

இவ்வளவும் சொன்ன நாம், சொல்லக் கடினமானதொன்றையும் மறைத்தலாகாது. வீட்டின் தலைவர் ஒருவர் சிக்கனத்தை மேற்கொள்ளும்போது அதன் பாரம் யார் தலையிலே விழுகின்றது?

1901ஆம் ஆண்டிலே அடிகள் தாய்நாடு திரும்பப் புறப்பட்டபோது, நேற்றால் இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அவற்றுள், கஸ்தூரிபாய் அம்மையாருக்கென்று கொடுத்த ஐம்பது கினி பெறுமதியான தங்க அட்டிகையும் ஒன்று. பொதுத் தொண்டுக்குக் கூலி வாங்குவது முறையா என்று அடிகள் அன்றிரவு உறக்கமின்றி உலாவினார். எல்லாவற்றையும் சமூக நலனுக்கான தருமநிதியாக ஒப்படைத்துவிடுவதெனத் தீர்மானித்து, முதலிலே பிள்ளைகளைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

அம்மையார் இலகுவில் இணங்கவில்லை. தமக்கு நகை வேண்டாம், நாளை வரப்போகும் மருமக்களுக்கு என்ன கொடுப்பது என்று அவர் வாதாடினார். அட்டிகை தமக்கே கொடுக்கப்பட்டது. கணவரின் தொண்டுக்குப் பின்னால் இரவும் பகலும் தாம் உழைத்த உழைப்பும் தொண்டேயன்றோ என்றும் கேட்டார். கண்ணீர் விட்டார். இறுதியில் நகைகள் நிதிக்கே போய்ச் சேர்ந்தன. ஆயினும் அம்மையாரின் வாதம் நியாயமற்றது என்று நம்மிலே எந்தத் தாயும் சொல்லமாட்டாள். செட்டியார் தெரு நகைக் கடைகளையும் அடைவு கடைகளையும் அறிந்த கொழும்புப் பெண்களுக்கு, நகை என்பது அலங்காரம் மட்டுமன்று என்பது தெரியும். மகளின் கலியாணத்துக்கும், எதிர்பாராத வைத்தியச் செலவுக்கும், கலவர காலத்திலே மடியிலே கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் உதவிய சேமிப்பு அதுவே. 1958ஐயும் 1983ஐயும் கண்ட பெரியவர்கள் இதனை மறந்திருக்கமாட்டார்கள்.

தமையனார் விடயத்திலும் இத்தகைய வேதனை நேர்ந்தது. பல ஆண்டுகளாகத் தமது சேமிப்பைத் தமையனாருக்கு அனுப்பி வந்த அடிகள், இனிமேல் மிஞ்சுவது பொதுமக்களுக்கே என்று எழுதிவிட்டார். பம்பாயிலே எடுத்திருந்த பத்தாயிரம் ரூபா ஆயுட்காப்புறுதியையும் கைவிட்டார். தம்பியைப் படிப்பித்த தமையனாருக்கு அது நெஞ்சில் தைத்தது. கடிதப் போக்குவரத்தும் நின்றது. லக்ஷ்மிதாசரின் மரணத்துக்குச் சற்று முன்னரே அவ்வுள்ளங்கள் மீண்டும் கலந்தன.

அடிகளின் பெருமைக்கு இவை இழுக்கல்ல. அவர் துறவு நெறியை நோக்கிச் சென்றவர். ஆனால் இல்லறத்திலே இருக்கும் நமக்கு இவை எச்சரிக்கையாகும். காப்புறுதியைக் கைவிடுவதும் மனைவியின் நகையைக் கொடுத்துவிடுவதும் நமக்குரிய பாடங்களல்ல. வீட்டிலே சிக்கனம் நிலைக்க வேண்டுமானால், கணக்குப் புத்தகம் கணவரின் மேசை லாச்சியில் மட்டும் இருக்கக்கூடாது; எல்லாரும் பார்க்கும் இடத்திலே இருக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதைக் குசினியிலே நிற்பவரையும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஒருவருடைய புகைச் செலவு தொடப்படாமலிருக்க, மற்றவருடைய பால் மட்டும் குறைக்கப்படுமானால் அது சிக்கனமன்று, அநீதி.

பண்ணையிலிருந்து மதுரைக்கும் கொழும்புக்கும்

1904ஆம் ஆண்டிலே, ஜொகனஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயிலிலே ஜோன் ரஸ்கினின் நூலொன்றைப் படித்ததும், உடலுழைப்பு வாழ்வே சிறந்ததென்று கண்டு பீனிக்ஸ் குடியிருப்பை அடிகள் அமைத்தார். 1910ஆம் ஆண்டிலே நண்பர் கலன்பாக் வழங்கிய நிலத்திலே டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. தமிழரும் குஜராத்தியரும் பிறரும் அங்கு ஒன்றாக உழைத்தார்கள். ஜொகனஸ்பேர்க் நகரம் 21 மைல் தூரம். சொந்த வேலைக்காக நகரம் செல்பவர் நடந்தே செல்ல வேண்டும்; பொது வேலைக்காயின் மூன்றாம் வகுப்பு ரயிலிலே செல்லலாம் என்பது விதி. வீட்டிலே அரைத்த கோதுமை மாப் பாணும், நிலக்கடலை வெண்ணெயும் கட்டிக்கொண்டு, அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு நடந்தவர்கள் உண்டு. காலுக்குச் செருப்பையும் அவர்களே தைத்துக் கொண்டார்கள்.

இந்தியா திரும்பிய பின்னர் 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி, தமிழ்நாட்டிலே மதுரையில், அவர் தமது உடையையே மாற்றினார். கதர் உடுத்துமாறு கேட்டபோது, அதை வாங்குவதற்குப் பணமில்லை என்று ஏழைகள் கூறியது அவரை வருத்தியிருந்தது. அன்று முதல் முழங்கால் அளவான துண்டு ஒன்றே அவருக்கு உடையாயிற்று. பொண்ட் வீதி உடையிலிருந்து மதுரைத் துண்டு வரையுள்ள தூரம், முப்பதாண்டுக் கணக்குப் புத்தகங்களின் தூரமாகும்.

அந்தத் துண்டுடனேதான் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அடிகள் நமது கொழும்பு நகருக்கு வந்தார். கஸ்தூரிபாய் அம்மையாரும், இராஜகோபாலாச்சாரியாரும், மகாதேவ தேசாயும் உடன் வந்தனர். கண்டி, பதுளை, ஹற்றன் முதலிய இடங்களுக்கும் சென்று, யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். கதர் நிதிக்குப் பணப்பைகள் வழங்கப்பட்டன. மாணவர்களும் சேர்த்துக் கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளரிடம் மதுவை விடுமாறு மன்றாடினார். தினக்கூலியிலே பெரும்பகுதி சாராயத் தவறணைக்குப் போகின்ற வீட்டிலே, வேறு எந்தச் சிக்கனமும் அடுப்பை எரிய வைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிற்காலத்திலே சேவாக்கிராமத்திலும் தமக்கு வரும் கடித உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்திலே எழுதினார். தேய்ந்த பென்சிலையும் எறியவில்லை. அவருடைய எளிமையைக் காப்பாற்றுவதற்கே பிறர் பெருஞ் செலவு செய்ய நேர்ந்தது என்று அவரோடு நெருங்கிப் பழகியவர்களே வேடிக்கையாகப் பேசியதுண்டு. அதிலும் உண்மையில்லாமலில்லை. ஆயினும் 1948ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆம் திகதி அவர் வீழ்ந்தபோது, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரத்துக்குப் பதிலாக இடுப்பிலே தொங்கிய கடிகாரம், செருப்பு, உண்கலம், சில புத்தகங்கள் போன்ற சொற்பப் பொருட்களே அவருடையவை என்று காட்டுவதற்கு எஞ்சியிருந்தன.

நம் வீட்டுக் கணக்கு

2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. எரிவாயுச் சிலிண்டருக்கும் எரிபொருளுக்கும் வரிசையிலே நின்றோம். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது வீதம் ஏறியிருந்தது. சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. விலைவாசியை நாம் ஆளமுடியாது. வறுமைக்கெல்லாம் சிக்கனமே மருந்து என்று ஏழைகளுக்கு உபதேசிப்பதும் பொருந்தாது. போதிய வருவாயே இல்லாதவருக்கு வேண்டியது நியாயமான கூலியும் அயலாரின் உதவியுமேயாகும். ஆனால் கையிலே வருவது எங்கே போகின்றது என்று அறிவது எல்லாருக்கும் இயலும். வரவு செலவைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை பேசுவது வலியறிதல் என்னும் அதிகாரத்திலே என்பதை நினைவிலிருத்துவோம். கணக்கு எழுதுதல் தன் வலிமையைத் தானே அறிதலன்றி வேறன்று.

ஆகவே வாலிப அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் சிறியது. ஒரு கொப்பி வாங்குங்கள். பஸ் கட்டணம், கடைச் சாப்பாடு, தொலைபேசி அட்டை, நண்பருக்குக் கொடுத்த கைமாற்று எல்லாவற்றையும் இரவிலே எழுதுங்கள். எழுத வெட்கமான செலவு ஏதும் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். மாத முடிவிலே மிகப் பெரிய மூன்று செலவுகளை மட்டும் பாருங்கள். அவற்றுள் எதை மாற்றலாம் என்று வீட்டாருடன் இருந்து பேசுங்கள். மீதமானதைச் சம்பள நாளன்றே வங்கியில் இடுங்கள். செலவழித்து மிஞ்சியதைச் சேர்ப்போம் என்றிருந்தால் மிஞ்சுவது ஒன்றுமிராது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் வரவை மறைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வருமாயின், அனுப்பியவர் எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போகின்றார் என்பதையும் சொல்லி வையுங்கள். லக்ஷ்மிதாசர் என்ற தமையனாரைச் சரித்திரம் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் தேடியனுப்பிய பணத்துக்கு ஒரு பென்ஸும் தப்பாமல் கணக்கு வைக்கத் தொடங்கிய அன்றே, அவருடைய தம்பி பெரியவராகத் தொடங்கிவிட்டார். நமக்காகப் பாடுபடும் லக்ஷ்மிதாசர்கள் இன்றும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவர்கள் காசுக்கு ஒழுங்காகக் கணக்கு வைப்பதேயாகும்.